வலிய எஞ்சினும் மெலிய பிறேக்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பொன்டியாக் நிறுவனத்தார் 1964 ஆம் ஆண்டு மாதிரியாக ஜீ.ரீ.ஓ. என்னும் காரை விற்பனைக்கு விடுத்தனர். நடுத்தர அளவினதான குடும்பக் கார் ஒன்றின் உடலுக்குள், பெருங் கார்களுக்கென அமைக்கப்பெற்ற 389 கன அங்குல எஞ்சினை ஏற்றிவிட்டதே அதன் புதுமை. சாதாரணமாக அதன் வலு 325 குதிரைவலு. மூன்று காபரேற்றர் பூட்டிய வகையில் அது 348 ஆக உயர்ந்தது. இளைஞர் இந்தக் காரைப் போட்டி போட்டு வாங்கினர். ஏனைய நிறுவனத்தாரும் அதே வழியில் இறங்கவே, பின்னாளில் 'மசில் கார்' என்று பெயர்பெற்ற ஓரினம் உருவாயிற்று. தசை முறுக்கேறிய மல்லனைப் போன்ற கார் என்பது அப்பெயரின் கருத்து.

ஆனால், இத்துணை வலியதொரு காரை நிறுத்துவதற்கென அதன் நான்கு சில்லுகளிலும் இருந்தவை ஒன்பதரை அங்குல விட்டமுள்ள ட்றம் பிறேக்குகளே. அமைதியாகக் கடைத்தெருவுக்குப் போய்வரும் குடும்பக் காருக்குப் போதுமான அளவு அது. அறுபதாம் ஆண்டுகளின் மசில் கார்கள் பலவற்றில் இதே நிலையைக் காணலாம்.

அக்கார்கள் வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் அவற்றை மக்கள் கைவிடவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கார், பழைய களஞ்சியத்திலிருந்து துருவோடு மீட்ட கார் என்று பலவற்றைச் செப்பனிட்டு ஓட்டி வருகின்றனர். செப்பனிடுவோர் பெரும்பாலும் முதலில் கவனிப்பது எஞ்சினை, அடுத்தது வர்ணத்தை. பிறேக்கு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இதிலே உள்ள ஆபத்து எளிதில் விளங்கும். இன்றைய பெருஞ்சாலையில் இந்தப் பழைய காருக்கு முன்னே செல்லும் புதிய கார், சில்லு இறுகி வழுக்காதபடி தானாகவே காத்துக்கொள்ளும் நவீன பிறேக்கு உடையது. அது சட்டென்று நின்றுவிடும். பின்னால் வருகின்ற பழைய காரும் அந்த இடைவெளிக்குள்ளேயே நின்றாக வேண்டும்.

பிறேக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓடும் காரில் உள்ள இயக்க சக்தியை அது வெப்பமாக மாற்றுகிறது; அவ்வளவே. சாணைக் கல்லிலே கத்தியைப் பிடித்தால் கத்தி சூடேறுவதுபோல, சுழலும் இரும்பின்மீது ஒரு பொருளை அழுத்த, உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. ஏறத்தாழ 3,500 இறாத்தல் நிறையுள்ள கார் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது அதிலுள்ள சக்தி முழுவதையும் வெப்பமாக்கினால், இரண்டு லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அடுப்பில் பல நிமிடம் எடுக்கும் வேலை அது. பிறேக்குக்குக் கிடைப்பதோ நான்கைந்து விநாடி. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. மணிக்கு 120 மைல் ஓடும் ஆற்றலை எஞ்சின் தந்துவிட்டால், நிறுத்தும் சுமை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு.

ட்றம் பிறேக்கில், பறை போன்ற வார்ப்பிரும்புக் கிண்ணம் ஒன்று சில்லோடு சேர்ந்து சுழல்கிறது. அதனுள்ளே பிறை வடிவான இரண்டு 'சூ'க்கள் உள்ளன. சாரதி மிதியை அழுத்தும்போது அவை விரிந்து கிண்ணத்தின் உட்புறத்தில் உராய்கின்றன. இதில் ஒரு தந்திரம் உண்டு. சுழலும் கிண்ணம் சூவைத் தன்னோடு இழுக்க முயல்வதால், கதவின் கீழே செருகிய ஆப்பு மேலும் மேலும் இறுகுவதுபோல் அந்தச் சூ தானாகவே இறுகும். அதனால் காலின் உழைப்பு குறைகிறது. மிக்க சாதுரியமான ஏற்பாடுதான். ஆனால் அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. உராய்வு சிறிது குறைந்தாற்கூட, தானாக இறுகும் பலன் பெருமளவு குறைந்துபோகும். வலப்பக்கச் சூவின் உராய்வும் இடப்பக்கச் சூவின் உராய்வும் ஒத்திராவிட்டால், கார் ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும்.

உராய்வு குறைவதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று தண்ணீர். ஆழமான வெள்ளத்தைக் கடந்த ட்றம்முக்குள் நீர் புகுந்தால், அது காயும்வரை பிறேக்கு அரைகுறையாகவே பிடிக்கும். மற்றது வெப்பம். கிண்ணம் மூடிய பாத்திரமாதலால் சூடு எளிதில் வெளியேறாது. லைனிங் சூடேறி உராய்வை இழக்கிறது. அதே வேளையில் கிண்ணமும் வெப்பத்தால் விரிந்து, சூவை விட்டு விலகிச் செல்கிறது. ஆகவே மிதி கீழே கீழே போகும். காரோ வேகம் குறையாது. இந்நிலையை அங்குள்ள இயந்திரத் தொழிலாளர் 'பிறேக்கு மங்குதல்' என்பர்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல நிலையிலுள்ள ட்றம் பிறேக்கு ஒரே ஒரு தடவை காரை நிறுத்துவதற்குச் சோர்ந்துவிடாது. குளிர்ந்திருக்கும்போது நான்கு சில்லுகளையும் பூட்டி வழுக்கச் செய்யும் வலிமை அதற்கு உண்டு. அடுத்தடுத்து நிறுத்தும்போதும் மலை இறங்கும்போதுமே அதன் குறை வெளிப்படுகிறது. கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சி 14,000 அடிக்கு மேற்பட்டது. அங்கிருந்து இறங்கும் பாதை ஏறத்தாழ 19 மைல். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த இறக்கம் முழுவதையும் பிறேக்கினாலேயே தாங்கினால், 60 மைல் வேகத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது தடவை நிறுத்துவதற்கு ஒப்பான வெப்பம் பிறக்கும் எனக் கணக்கிடலாம். தாழ்ந்த கியரிலே எஞ்சினைக் கொண்டு தடுத்து இறங்குபவனுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. கீழிறங்கும் வழியில் காவலர் கார்களை மறித்துப் பிறேக்கின் சூட்டை அளந்து, அளவு மிஞ்சியவற்றை ஆறும்வரை நிறுத்திவைப்பது அங்கே வழக்கமாகியிருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக வந்தது டிஸ்க் பிறேக்கு. அது புதுக் கண்டுபிடிப்பன்று. பேமிங்காம் நகரத்து லான்செஸ்டர் என்னும் பொறியியலாளர் 1902 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் உலகின் கண் அதன்மீது திரும்பியது 1953 இல், பிரான்சில் நடைபெறும் லெ மான்ஸ் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில், டன்லொப் டிஸ்க் பிறேக்குப் பூட்டிய ஜகுவார் கார் வெற்றி பெற்றபோதுதான். 1955 இல் சிற்றுவென் டீ.எஸ். காரில் முன்சில்லுகளுக்கு அது வந்தது. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தயங்கித் தயங்கியே அதை ஏற்றன. 1965 மாதிரியில் கொர்வெட் பந்தயக் கார் நான்கு சில்லுகளிலும் டிஸ்க் பிறேக்குடன் வந்தது. அதே ஆண்டில் போர்ட் மஸ்டாங்கின் முன்சில்லுகளுக்கு, மேலதிகப் பணம் கொடுப்போர் கேட்டுப் பெறலாம் என்றாயிற்று. ஜீ.ரீ.ஓ. வாங்குவோருக்கு அந்த வசதி 1967 இல்தான் கிட்டிற்று. எஞ்சினுக்காகப் பணத்தை அள்ளிக் கொடுத்த பலர் பிறேக்குக்கு என்றதும் பையை மூடிக்கொண்டனர். எனவே குற்றம் முழுவதையும் நிறுவனத்தார்மீது சுமத்துவது நேர்மையாகாது.

டிஸ்க் பிறேக்கில் இரும்புத் தட்டு ஒன்று திறந்தவெளியில் சுழல்கிறது. 'கலிப்பர்' என்னும் பிடியினுள் இருக்கும் முசலம், அதாவது பிஸ்டன், இரு புறமும் 'பாட்'களை அழுத்தித் தட்டை நெரிக்கிறது. காற்று நேரே படுவதால் சூடு விரைந்து ஆறும். தட்டு வெப்பத்தால் தடித்தாற்கூடப் பாட்டை நோக்கியே தடிக்கிறது, அதனை விட்டு விலகிப் போவதில்லை. தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் எறியப்பட்டுவிடும். ஆனால் ஆப்புப் போலத் தானாக இறுகும் பலன் இதில் இல்லை. ஆகவே அதே அளவு நிறுத்துவதற்கு மிகுந்த அமுக்கம் வேண்டும். பழைய காரில் டிஸ்க்கைப் பூட்டியவுடன் 'மிதி கல்லாக இருக்கிறது' என்று முறையிடுவோர் பலர். அதற்குரிய காரணம் இதுவே.

பிறேக்கைத் திருத்த முற்படுபவர் டிஸ்க்கைப் பற்றி எண்ணுவதற்கு முன்னர் கவனிக்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டரை. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அமுக்கம் எவ்விடமும் குறையாது பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கூறிய விதியே இன்றைய பிறேக்கின் அடிப்படை. மிதி, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள முசலத்தைத் தள்ளுகிறது. அதன் திரவ அமுக்கம் குழாய் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கிறது. 1966 வரை வந்த பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் இது ஒரே அறையாக இருந்தது. அறுபது ஆண்டுப் பழைய குழாய் ஒன்று எங்காவது ஓரிடத்தில் வெடித்தால், நான்கு சில்லுகளிலும் ஒரேயடியாகப் பிறேக்கு அற்றுப்போகும். மிதி தரையைத் தொடும். கைப்பிறேக்கைத் தவிர வேறு கதியில்லை.

இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரில் முன்சில்லுகளுக்கு ஒரு வழியும் பின்சில்லுகளுக்கு வேறு வழியும் உண்டு. ஒன்று அழிந்தாலும் மற்றது தாங்கும். மிதி சிறிது தாழும். நிறுத்தும் தூரம் கூடும். ஆயினும் கார் நிற்கும். கடிலாக், ராம்ப்ளர் கார்களில் 1962 இலேயே இந்த அமைப்பு இருந்தது. மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966 இல் அங்கே நிறைவேறிற்று. அதன்பின், 1967 மாதிரிகளில் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் அது பரவியது. ஆதலால் 1966 அல்லது அதற்கு முற்பட்ட காரை வைத்திருப்பவர் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதனையாவது செய்வது நன்று. செலவு சொற்பம்; வெளியே பார்ப்பவருக்கு வேறுபாடும் அதிகம் தெரியாது.

அடுத்தது முன்சில்லுகள். கார் நிற்கும்போது அதன் பாரம் முன்னே சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் முன்சில்லுகளே செய்யும். ஆகவே முன்னுக்கு டிஸ்க், பின்னுக்குப் பழைய ட்றம் என்ற அமைப்பே பெரும்பாலோர்க்குப் போதுமானது. பின்னாளைய கார்களில் வந்த பதினொரு அங்குலத் தட்டையும், ஒரே முசலமுள்ள கலிப்பரையும் பழைய அச்சிலே பொருத்துவதற்கான தொகுதிகள் இப்பொழுது எளிதிற் கிடைக்கின்றன. இன்னும் பெரிய தட்டு வேண்டுமென்று ஆசைப்படுவோர் சில்லைப் பற்றியும் நினைக்க வேண்டும். பதின்மூன்று அங்குலத் தட்டு பதினான்கு அங்குலச் சில்லுக்குள் கலிப்பரோடு அடங்காது. அதற்குப் பதினேழு அங்குலச் சில்லாவது வேண்டும். அப்பொழுது காரின் பழைய தோற்றமும் போய்விடும். பெட்டியை வாங்கிய பின் சில்லை மாட்டிப் பார்த்துத் திகைப்பதைவிட, முன்னரே அளந்து கொள்வது புத்தி.

மிதியின் கடினத்தைப் போக்கப் பூஸ்டர் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலே உண்டாகும் குறைந்த அமுக்கத்தையும், வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கத்தையும் ஒரு தோற்சவ்வின் இரு புறத்தும் வைத்து, அவற்றின் வேறுபாட்டினால் சாரதியின் காலுக்குத் துணைசெய்வது அது. எட்டு அங்குலச் சவ்வின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். எஞ்சின் 18 அங்குல இரசத்துக்குச் சமமான வெற்றிடத்தைத் தருமாயின், கணக்கின்படி 400 இறாத்தலுக்கு மேற்பட்ட உதவி கிடைக்கும். ஆனால் மசில் கார் பிரியர் விரும்பிப் பூட்டும் பந்தய வகைக் 'காம் சாப்ட்', எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெற்றிடத்தைக் குறைத்துவிடும். அது 10 அங்குலமாகக் குறைந்தால் உதவியும் 250 இறாத்தல் அளவிற்கு விழும். எஞ்சினுக்குக் கொடுத்த வலுவைப் பிறேக்கு இவ்வாறு இழக்கிறது. இதை அறியாமல் பூஸ்டரைக் குறைகூறுவோர் உளர். மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பியைத் துணைக்கு வைப்பது ஒரு வழி. ஸ்ரியறிங் பம்பியின் எண்ணெய் அமுக்கத்தைப் பயன்படுத்தும் பூஸ்டர் மற்றொரு வழி.

பூஸ்டரே வேண்டாம் என்பவர் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைக் கவனிக்க வேண்டும். இங்கே பலர் நேர்மாறாக எண்ணிப் பெரிய சிலிண்டரை வாங்கிப் பூட்டுகின்றனர். பூஸ்டர் இல்லாத மிதியின் நெம்புகோல் விகிதம் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. காலால் 100 இறாத்தல் விசை கொடுத்தால் முசலத்தில் 600 இறாத்தல் விழும். துளை ஒன்றேகால் அரைக்கால் எனக் கூடக்கூட அந்த விசை பெரிய பரப்பில் பரந்து, அமுக்கம் குறையும். ஒரு அங்குலத் துளையில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 760 இறாத்தல் அமுக்கம் உண்டாகும். ஒன்றேயரைக்கால் அங்குலத் துளையிலோ 600 இறாத்தல்தான். எனவே கால் வலிமையால் மட்டும் டிஸ்க்கை அழுத்த விரும்புவோர்க்குச் சிறிய துளையே ஏற்றது. அதற்கு ஈடாக மிதி சற்று அதிக தூரம் இறங்கும்.

முன்னும் பின்னும் உள்ள சமநிலை மிக நுட்பமான விஷயம். பின்சில்லுகள் முன்சில்லுகளுக்கு முன்பே பூட்டிக்கொண்டால் காரின் பின்புறம் வழுக்கி, கார் தலைகீழாகத் திரும்பி நிற்கும். முன்சில்லுகள் முதலில் பூட்டினால் கார் நேரே போகும். திருப்ப முடியாதெனினும் சுழலாது. இரண்டு தீமைகளில் பின்னதே குறைந்த தீமை. ஆகவே பின்சில்லுகளுக்குச் செல்லும் அமுக்கத்தை ஓர் எல்லைக்குமேல் மட்டுப்படுத்தும் 'புரொப்போஷனிங் வால்வு' தேவைப்படுகிறது. பழைய ட்றம் அமைப்புக்குரிய மாஸ்டர் சிலிண்டரிலே இன்னொரு கண்ணியும் உண்டு. ட்றம் வழியில் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அளவு அமுக்கத்தை எந்நேரமும் வைத்திருக்கும் சிறு வால்வு அதனுள்ளே மறைந்திருக்கும். அவ்வழியை டிஸ்க்குக்கு இணைத்தால் பாட்கள் தட்டை விடாமல் தேய்த்துக்கொண்டேயிருக்கும். சில மைல் தூரத்திலேயே சில்லுகள் புகையும்.

வேலையைச் செய்யும் முறையிலும் சில எச்சரிக்கைகள் உள. பழைய லைனிங்குகளில் அசுபெசுத்து இருந்திருக்கலாம். ட்றம்மைக் கழற்றியதும் அத்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்தித் துடைத்தெடுக்க வேண்டும். பழைய றப்பர்க் குழாய்களை இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே ஊதிப்போய், எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கும் குழாய்கள் உண்டு. பிறேக்கு எண்ணெயும் புதிதாக இருத்தல் வேண்டும். 'டொட் 3' வகை எண்ணெய், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. புதிதாயிருக்கும்போது 205 பாகை சதமவளவுக்குக் குறையாத அதன் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 பாகை வரை தாழக்கூடும். கொதித்து ஆவியானால், ஆவி அமுங்குமே தவிர அமுக்கத்தைக் கடத்தாது. சிலிக்கன் வகையான 'டொட் 5' எண்ணெயை இதனோடு கலத்தலும் ஆகாது.

குழாயிலிருந்து காற்றை எடுக்கும்போது நேரும் ஒரு தவறு நகைப்புக்குரியது. ஆனால் நாள் முழுவதையும் விழுங்கிவிடும். காற்றெடுக்கும் திருகாணி கலிப்பரின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். காற்று மேலேதான் தங்கும். இடக் கலிப்பரை வலப்புறத்திலும் வலத்தை இடத்திலும் பூட்டிவிட்டால் திருகாணி கீழே போய்விடும். அதன்பின் எத்தனை போத்தல் எண்ணெயை ஊற்றினாலும் மிதி பஞ்சுபோலவே இருக்கும். கலிப்பர்களை இடம் மாற்றிய மறுகணமே நோய் தீரும்.

இவ்வளவும் செய்தபின் ரயரை மறப்பது பெருந் தவறு. பிறேக்கு சில்லைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது ரயருக்கும் தெருவுக்கும் உள்ள பிடி. பத்து ஆண்டுப் பழைய, இறுகிப்போன ரயரில் உலகின் சிறந்த பிறேக்கைப் பூட்டினாலும் சில்லு வழுக்குவதே மிச்சம்.

பழைய காரின் மூலவடிவைக் கெடுக்கலாமா என்ற வழக்கு ஒன்று காரன்பர் கூடும் இடமெல்லாம் எழும். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் காருக்குக் காட்சிப் போட்டியில் மதிப்பு அதிகம்; விற்பனையிலும் விலை அதிகம். காட்சிக்கென லொறியில் ஏற்றிச் சென்று இறக்கும் காருக்கு அவ்வாதம் பொருந்தும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெருஞ்சாலையில் ஓடும் காருக்குப் பொருந்துமென்று சொல்ல இயலாது. வெட்டாமலும் ஒட்டாமலும் ஆணிகளால் மட்டும் பூட்டும் தொகுதியை வாங்கி, கழற்றிய பழைய உறுப்புக்களை எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக்கொள்பவர் இரண்டையும் காத்தவராவர். விரும்பும் நாளில் காரைப் பழைய நிலைக்கே மீட்கலாம்.

புதிய பாட்களைத் தட்டுக்குப் பழக்குவது கடைசி வேலை. ஆளரவமற்ற நேரான தெருவில், முதலில் நடைவேகத்தில் மிதியைச் சோதித்துப் பார்த்து, பிறகு மணிக்கு 30 அல்லது 40 மைல் வேகத்திலிருந்து நிதானமாகப் பல தடவை வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் இடையே சிறிது தூரம் ஓடிக் காற்றில் ஆறவிடுதல் அவசியம். சூடேறிய நிலையில் மிதியை அழுத்திக்கொண்டு ஓரிடத்தில் நிற்கலாகாது; பாட்டின் பொருள் தட்டில் ஓரிடத்தில் மட்டும் படிந்து, பின்னர் மிதியில் நடுக்கம் தோன்றும். வீடு திரும்பியதும் ஒவ்வொரு குழாய்ப் பூட்டையும் துணியால் துடைத்துக் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். முதல் நூறு மைல் ஓடியபின் சில்லு ஆணிகளையும் கலிப்பர் ஆணிகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவும் வேண்டும்.